கால் பார்த்த டாக்டர்: ஒரு நினைவு மலரின் மதிப்புரை

எங்கள் டாக்டர் சாப் மறைந்து ஓராண்டு நிறைந்த நாளில், அவருடைய பழைய சகாக்கள் திருமங்கலத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கூடி ஒரு நினைவு மலரை வெளியிட்டார்கள். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூன்று முறை படித்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இராணுவ மருத்துவப் படையில் அவருக்குக் கீழே நர்சிங் அசிஸ்டெண்டாக 26 மாதங்கள் வேலை பார்த்தவன் நான். மலரில் உள்ள 34 கட்டுரைகளில் ஒன்று என்னுடையது. ஆகவே விலகி நின்று பேசுகிறவன் அல்ல நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. இருந்தாலும், 200 ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது, எது நன்றாக வந்திருக்கிறது, எது சரியாக வரவில்லை என்பதை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். இரண்டாம் பதிப்புக்கான பேச்சு இப்போதே தொடங்கிவிட்டதால் குறைகளைச் சொல்வதற்கும் இதுவே நேரம்.

மலருக்கென்று தனித் தலைப்பு கிடையாது. அட்டையில் அவருடைய பதவி, பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, அவற்றுக்குக் கீழே 'சர்வே சந்து நிராமயா' என்ற மருத்துவப் படையின் வாசகம், அவ்வளவுதான். எல்லோரும் நோயின்றி இருக்கட்டும் என்பது அதன் பொருள். குடும்பத்தார் விரும்பாததால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. படையில் அவர் எங்களுக்கு டாக்டர் சாப். ஊரில் எல்லோருக்கும் பட்டாளத்து டாக்டர்.

டி.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் இடைப்பட்ட ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்து, மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்து, பெரியாஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்துவிட்டு, குறுகிய காலப் பணியான ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் கேப்டனாகப் படைக்குள் வந்தவர் அவர். ஐந்து ஆண்டில் திரும்பிவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர், நிரந்தர கமிஷன் பெற்று, காலாட்படைப் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாகவும் பனிமலை முகாம்களிலும் ஸ்ரீநகர் பேஸ் ஹாஸ்பிட்டலிலும் பணியாற்றி, கர்னலாக ஓய்வு பெற்று, பிறந்த வீட்டுக்கே திரும்பினார். இந்த வரலாறு மலரில் ஒரே ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. தொகுப்பாசிரியர் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. மீதிப் பக்கங்கள் முழுவதும் அவரோடு இருந்தவர்களின் குரலுக்கே விடப்பட்டிருக்கின்றன.

முதலில் நூலின் உருவத்தைப் பற்றிச் சொல்கிறேன். டெம்மி அளவு, 176 பக்கம், நல்ல மேப்லித்தோ தாள், நடுவில் எட்டுப் பக்கம் ஆர்ட் பேப்பரில் புகைப்படங்கள். அட்டைக்கு மினுமினுப்பு இல்லாத லேமினேஷன் போட்டிருப்பது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் எழுத்து மிகவும் சிறியது. இதை வாங்கிப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைக் கடந்த முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய வீட்டம்மாக்களும். பக்கம் கூடினாலும் பரவாயில்லை என்று எழுத்தை இரண்டு புள்ளி பெரிதாக்கியிருந்தால் அவர்கள் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்திருக்காது. பைண்டிங்கும் தையல் போடாத வெறும் பசை பைண்டிங். விரித்து வைத்துப் படித்தால் முதுகு பிளக்கிறது. வீட்டில் பல ஆண்டு இருக்க வேண்டிய, பல கை மாற வேண்டிய ஒரு நூலுக்குத் தையல் செலவைக் குறைத்திருக்கக் கூடாது.

எனக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தையும் பதிவு செய்ய வேண்டும். மண்டபத்தில் எனக்குக் கிடைத்த பிரதியில் ஏழாவது ஃபாரம், அதாவது ஏழாவது பதினாறு பக்கத் தொகுதி, இரண்டு முறை சேர்க்கப்பட்டு, எட்டாவது ஃபாரம் விட்டுப்போயிருந்தது. 97 முதல் 112 வரை படித்து முடித்துப் பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் 97. அச்சகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. மதுரையில் மாசி வீதிகளையொட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சிறிய அச்சகம் அது. நேரில் கொண்டுபோய்க் காட்டியதும் மறுபேச்சு இல்லாமல் ஒரு வாரத்தில் வேறு பிரதி கொடுத்தார்கள். ஆனால் என்னைப் போல நேரில் போக முடியாத, தபாலில் வாங்கிய எத்தனை பேருக்கு இப்படி ஆனதோ தெரியவில்லை. மலரிலேயே மிக அருமையான பகுதி அந்த எட்டாவது ஃபாரத்தில்தான் இருக்கிறது என்பதால் என் மனம் இன்னும் ஆறவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உள்ளடக்கம். 34 பேரும் தனித்தனியே, வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு எழுதி அனுப்பியவை இந்தக் கட்டுரைகள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அப்படியிருந்தும் அவர்களில் ஏழு பேர் ஒரே காட்சியைத்தான் எழுதியிருக்கிறார்கள்: டாக்டர் சாப் தரையில் உட்கார்ந்து, ஒரு சிப்பாயின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பது. யாரும் திட்டமிடாமல் இந்த மலருக்குள் அமைந்துவிட்ட ஓட்டம் இது. தொகுப்பாசிரியர் இதைக் கவனித்திருந்தால் அந்த ஏழையும் அடுத்தடுத்து வைத்திருப்பார். பதவி வரிசைப்படி கட்டுரைகளை அடுக்கியதால் அவை சிதறிக் கிடக்கின்றன.

காலாட்படையில் கால்தான் எல்லாம். ரூட் மார்ச் என்ற நெடுந்தூர நடைப்பயிற்சி முடிந்து வந்தவுடன் கொப்புளம், சேற்றுப்புண், நகச்சுற்று என்று பார்ப்பது மருத்துவ அதிகாரியின் வழக்கமான கடமைதான். வரிசையாகப் பூட்ஸைக் கழற்றி நிற்கச் சொல்லி, நின்றபடியே குனிந்து பார்த்துக்கொண்டு போவதுதான் நான் மற்ற இடங்களில் கண்டது. இவர் ஒரு தண்ணீர் ஜெர்ரிகேனைக் கவிழ்த்துப் போட்டு அதில் சிப்பாயை உட்காரச் சொல்லுவார். தான் தரையில் உட்காருவார். அதிகாரியின் மடியில் காலை வைக்கக் கூசி அவன் இழுத்துக்கொள்வான். நம் ஊரில் தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கட்டுரை எழுதியவர்களில் ஒரு கட்வாலி ஹவில்தார், தன் ஊரில் பெரியவர்களின் காலைத் தொடுவதுதான் வழக்கம், பெரியவர் ஒருவர் தன் காலைத் தொட்டபோது உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, அடுத்தவனைக் கூப்பிடுவதற்கு முன் காலுறையைத் தானே மாட்டிவிடுவாராம். அந்த 'ஆம்' வேண்டியதில்லை. நானே கண்ணால் பார்த்தது.

இந்த ஏழில் மிகச் சிறந்தது உறைபனியில் கால் விரல் மரத்துப்போன ஒரு சிப்பாய் எழுதியது. காவல் மாறி வந்தவனுடைய இடது பாதம் மெழுகு போல வெளுத்து, தட்டினால் மரக்கட்டை போல ஒலித்திருக்கிறது. உடன் இருந்தவர்கள் பதறிப்போய்ப் பனியை அள்ளித் தேய்க்கவும், அடுப்பருகே நீட்டவும், ரம் கொடுக்கவும் முயன்றார்கள். மூன்றுமே தவறு. தேய்த்தால் உறைந்த தசை கிழியும். உணர்ச்சியற்ற காலை நெருப்பருகே வைத்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. சாராயம் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடம்பில் மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். டாக்டர் சாப் தகரத் தொட்டியில் வெந்நீர் வரவழைத்து, தெர்மாமீட்டரைப் போட்டு 38 டிகிரி வந்ததும், அதையும் நம்பாமல், குழந்தையைக் குளிப்பாட்டும் தாய் செய்வது போல முழங்கையை விட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு அரை மணி நேரம், சூடு குறையக் குறைய வெந்நீர் ஊற்றிக்கொண்டே, அந்தக் காலை விடாமல் பிடித்திருந்தார். உணர்ச்சி திரும்பும்போது வரும் வலி பொறுக்க முடியாதது. "கத்து, நல்லாக் கத்து, வலிச்சா கால் உயிரோட இருக்குன்னு அர்த்தம்" என்றாராம். சுண்டுவிரலின் நுனியை மட்டும் இழந்து, மற்ற நான்கு விரல்களோடு அந்தச் சிப்பாய் இன்று உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார்.

அடுத்து, பாலமேட்டுப் பையனைப் பற்றிய கட்டுரை. உயரமான இடத்துக்குப் போகிறவர்களை 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் மறுபடியும் நான்கு நாள் என்று படிப்படியாகப் பழக்கிய பிறகே அதற்கு மேல் அனுப்புவது படையின் விதி. இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தவனுக்கும் சில நேரம் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நாங்கள் அதை 'ஹேப்போ' என்போம். மூச்சு வாங்கும், இருமலில் ரோஜா நிற நுரை வரும், கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் ஆள் போய்விடுவான். உடனே கீழே இறக்குவதுதான் உண்மையான மருந்து. அன்று இரவு பனிப்புயல். ஹெலிகாப்டர் வர வழியில்லை. அப்படிப்பட்ட நேரத்துக்கென்று காற்றடைத்த பை ஒன்று உண்டு. நோயாளியை அதற்குள் படுக்கவைத்து மூடிக் காலால் பம்ப் செய்தால், உள்ளே அழுத்தம் கூடி, அவன் பல ஆயிரம் அடி கீழே இறங்கியதற்குச் சமமாகும். பம்பை நிறுத்தினால் உள்ளே நல்ல காற்று இருக்காது. ஆகவே விடிய விடிய மிதிக்க வேண்டும்.

கட்டுரையாளர் அன்று முறை வைத்து மிதித்தவர்களில் ஒருவர். பையின் சிறிய கண்ணாடி ஜன்னலருகே முகத்தை வைத்துக்கொண்டு டாக்டர் சாப் இரவு முழுவதும் ஒரே கேள்வியைத் தமிழில் சத்தம்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம்: "தம்பி, உங்க வீட்டுக் காளைக்கு என்ன பேரு?" பையன் விரலை அசைப்பான், சில நேரம் அதுவும் இருக்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதே கேள்வி. பையனுக்குத் தெம்பு கொடுக்கத்தான் இப்படி மாட்டுப் பேச்சுப் பேசுகிறார் என்று மிதித்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். உயரத்தில் நுரையீரலைப் போலவே மூளையும் வீங்கக் கூடும், நினைவு தப்புகிறதா என்று பார்க்கவே அந்தக் கேள்வி என்பது அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. விடியும் நேரத்தில் உள்ளேயிருந்து "கருப்பன்" என்று மெல்லிய குரல் வந்தது. மேகம் விலகியதும் சீட்டா ஹெலிகாப்டர் வந்து அவனைக் கொண்டுபோனது. இதை எழுதியவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு வரிகூட மிகையாக எழுதவில்லை. மிதித்து மிதித்து வீங்கிய தன் முழங்காலைப் பற்றி அரை வரி, அதுவும் மறுநாள் காலையில் டாக்டர் சாப் அதற்குக் கட்டுப் போட்டார் என்பதற்காக.

இனி அந்த எட்டாவது ஃபாரம். 1999 கார்கில் போரின்போது ஸ்ரீநகரில் உள்ள 92 பேஸ் ஹாஸ்பிட்டலில் அவர் பணியில் இருந்தார். காயம்பட்டவர்கள் வந்து குவிந்த நாட்கள் அவை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இரவில் வார்டுக்கு வந்து, கையில் அடிபட்டு எழுத முடியாதவர்களுக்காக இவர் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படி ஒரு கடிதத்தைப் பேரையூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இத்தனை ஆண்டும் டிரங்குப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்து, மலருக்காகக் கொடுத்திருக்கிறது. அது 118, 119ஆம் பக்கங்களில் அவருடைய கையெழுத்திலேயே படமாக அச்சிடப்பட்டிருக்கிறது. கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்ற இராணுவத் தபால் முகவரியைக் கண்டாலே எங்கள் வீடுகளில் இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கடிதம் இப்படித் தொடங்குகிறது: "உங்கள் மகனுக்கு வலது கையில் அடிபட்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்து இல்லை. விரல்கள் ஐந்தும் இருக்கின்றன, நானே எண்ணிப் பார்த்தேன். எழுத்து என்னுடையது, பேச்சு அவனுடையது. இனி அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்." அதற்குப் பிறகு வருவது முழுக்க மகனுடைய பேச்சு. அம்மா, கடனுக்காக ஆட்டை விற்க வேண்டாம். தங்கச்சி பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம். மேற்குச் செய்யில் பருத்தி போடலாமா என்று சித்தப்பாவைக் கேட்டுக்கொள். ஓர் இடத்தில் இவர் ஏதோ எழுதி அடித்துவிட்டு, ஓரத்தில் 'அவன் இப்படிச் சொல்லவில்லை, நான் சேர்த்துவிட்டேன்' என்று குறித்திருக்கிறார். அந்த அடித்தலையும் ஓரக் குறிப்பையும் சுத்தப்படுத்தாமல் அப்படியே அச்சிட்டதற்காக அச்சகத்தாருக்கும் தொகுப்பாசிரியருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்த இரண்டு பக்கங்களுக்காகவே இந்த நூலை வாங்கலாம் என்பது என் கருத்து.

அதே மருத்துவமனையில் உடன் பணியாற்றிய, குமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இராணுவ நர்சிங் அதிகாரியின் கட்டுரையும் இருக்கிறது. பிழைக்க வாய்ப்புள்ளவனை முதலில் எடு, காத்திருக்கக் கூடியவனைக் காத்திருக்க விடு என்று ஆள் பிரிக்கும் வேலையில் இருக்கும் மனவேதனையை அந்த அம்மா எழுதியிருக்கும் விதம் உயர்ந்தது. மேலே அனுப்பிப் பயனில்லை என்று ஒதுக்க வேண்டியிருந்தவர்களின் அருகில் டாக்டர் சாப் கட்டாயம் யாரையாவது உட்கார வைப்பார், ஒருவரும் தனியாகப் போகக் கூடாது என்று சொல்வார் என்பது அந்த அம்மா தரும் செய்தி. ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கட்டுரையை மொழிபெயர்த்தவர் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்திருக்கிறார். 'அவர் தன் அமைதியை வைத்துக்கொண்டிருந்தார்' என்றால் தமிழில் என்ன பொருள்? பதறாமல் இருந்தார் என்று இரண்டே வார்த்தையில் முடிந்திருக்கும். இந்தியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்த ஒன்பது கட்டுரைகளிலும் இதே குறை. இரண்டாம் பதிப்பில் முதலில் திருத்த வேண்டியது இதுதான்.

உயர் அதிகாரிகள் எழுதிய ஐந்து கட்டுரைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்த ஆண்டு எந்த ஊருக்கு மாற்றலானார், எந்தப் பாராட்டுப் பத்திரம் பெற்றார் என்பதே அவற்றில் நிறைந்திருக்கிறது. மரியாதையோடு எழுதியிருக்கிறார்கள், மனிதர் அதில் இல்லை.

என் கட்டுரையைப் பற்றி நானே மதிப்பிடுவது சரியல்ல என்றாலும், அதில் உள்ள செய்தி இந்த மலரில் வேறெங்கும் இல்லாதது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் எம்.ஐ. ரூம் என்ற மருத்துவப் பரிசோதனை அறையில் சிக் ரிப்போர்ட் நேரம், அதாவது உடம்பு சரியில்லாதவர்கள் வந்து காட்டும் நேரம். காய்ச்சல் என்று மூன்றாவது நாளாக வந்த ஒரு ரெக்ரூட் பையனுக்கு, டாக்டர் சாப் வருவதற்குள் நானே மாத்திரை கொடுத்து, பதிவேட்டில் 'எம். அண்ட் டி.' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மருந்து கொடுத்து வேலைக்கு அனுப்பினேன் என்பது அதன் பொருள். அப்படி எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. ஓட்டத்துக்குப் பயந்து நடிக்கிறான் என்று நினைத்தேன். அவர் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து, முந்தைய இரண்டு நாள் பக்கங்களையும் புரட்டிவிட்டு, பேசாமல் எழுந்து பாரக்குக்கே நடந்து போனார். பையனைத் தாடை நெஞ்சில் படக் குனியச் சொன்னார். அவனால் கழுத்தை வளைக்க முடியவில்லை. மூளைக்காய்ச்சல். அரை மணி நேரத்தில் அவனை ஆம்புலன்சில் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டான். அவர் என்னைத் திட்டவில்லை. "மூணாவது நாளும் ஒருத்தன் வந்து நிக்கிறான்னா, அவன் சொல்றத நீ ரெண்டு நாளாக் கேக்கலைன்னு அர்த்தம்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு என் பணிக்காலம் முடியும் வரை பதிவேட்டின் முந்தைய பக்கத்தைப் புரட்டாமல் ஒருவனுக்கும் நான் மருந்து கொடுத்ததில்லை. என் பிழையை எழுதி அனுப்பியபோது போடுவார்களா என்று ஐயமாக இருந்தது. ஒரு வார்த்தையும் குறைக்காமல் போட்டிருக்கிறார்கள்.

அவருக்குக் கோபமே வராது என்று பல கட்டுரைகள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வரும். அவருடைய ஜீப் ஓட்டுநர் மட்டும்தான் அதை நேர்மையாக எழுதியிருக்கிறார்: தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடாமல் விட்ட நாளில் லங்கர் என்ற படைச் சமையற்கூடத்தின் வாசலில் நின்று அவர் போட்ட சத்தம் பரேடு மைதானம் வரை கேட்டது என்று. அன்பானவரைக் கோபமே இல்லாதவராக்கிவிட்டால் பாதி மனிதர்தான் மிஞ்சுவார். இப்படிப்பட்ட நினைவுகளைத் தயங்காமல் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

லக்னோ பயிற்சி மையத்தில் உடன் இருந்த ஒரு சுபேதாரின் கட்டுரை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டாக்டர் சாப் திரும்பத் திரும்பச் சொன்ன கதையைத் தருகிறது. 1950 நவம்பரில் கொரியப் போர்முனைக்குப் போன 60ஆவது பாரசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற இந்திய மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். பியாங்யாங்கிலிருந்து பின்வாங்க வேண்டி வந்தபோது, மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு ஓட மனமில்லாமல், கிடைத்த ஒரு நீராவி இரயில் இஞ்சினில் பெட்டிகளைப் பூட்டி, எல்லாவற்றையும் ஏற்றித் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்த படை அது. பின்னர் ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. கருவி இல்லாத டாக்டர் வெறும் கை ஆள், முதலில் பெட்டியைக் காப்பாற்று என்று இந்தக் கதையை டாக்டர் சாப் முடிப்பாராம்.

மருத்துவக் கல்லூரித் தோழர் ஒருவரின் கட்டுரையில் மதுரைக்காரர்கள் எல்லோரும் அறிந்த ஒரு பெயர் வருகிறது. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, இளமையில் இராணுவ மருத்துவராக இருந்தவர். கடுமையான மூட்டுவாதத்தால் 1948இல் படையை விட்டு வர நேர்ந்தவர். வளைந்துபோன அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். கிராமத்துக் கண் முகாம் ஒன்றில் தூரத்தில் நின்று அந்த விரல்களைப் பார்த்த நாளில்தான் தன் நண்பர் படைக்குப் போவதென்று முடிவு செய்தார் என்று தோழர் எழுதியிருக்கிறார். டாக்டர் சாப் இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசிப் பகுதி, ஊருக்குத் திரும்பிய பிறகான ஆண்டுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் சிக் ரிப்போர்ட் நடக்கும். பெயரே அதுதான், ஊர்க்கிழவிகளும் 'சிக்ரிப்போட்டு' என்றுதான் சொல்வார்கள். எண், பெயர், என்ன தொந்தரவு, என்ன செய்தோம் என்று படையில் இருந்த அதே நான்கு கட்டங்களோடு ஒரு நீளமான பதிவேடு. அதன் இரண்டு பக்கங்களை மலரில் பெயர்களை மறைத்துப் படமாகத் தந்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வந்தால் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லுவார். செருப்பே போடாமல் கரிசல் காட்டில் நடக்கிறவர்கள் பாதிப் பேர்; முள் தைத்ததோ கல் கிழித்ததோ தெரியாத அளவுக்கு உணர்ச்சி போன பிறகு புண் வந்து, அது புரையோடி, காலை எடுக்கும் நிலைக்கு வந்த பிறகே பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள். அதைத் தடுக்கப் பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் நரம்பை வைத்துப் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டுப் பார்ப்பார்.

எழுதத் தெரியாத ஒரு மூதாட்டி சொன்னதை அவருடைய பேச்சிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். "'ஏத்தா, கண்ண மூடிக்க, நான் தொடுறப்பச் சொல்லு'ன்னாரு. நானும் மூடிக்கிட்டு ஒக்காந்துருந்தேன். ரொம்ப நேரமா இன்னும் தொடவே இல்லையேன்னு கண்ணத் தொறந்து பாத்தா, அய்யா எங் காலத் தன் மடியில வச்சு அந்த நரம்ப அழுத்திக்கிட்டுத்தான் இருக்காரு. எனக்குத்தான் தெரியல." பட்டாலியனில் மடியில் வைத்த கால்களும் இந்தக் காலும் ஒரே நூலின் இரு கோடிகளில் இருப்பதைப் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

தை மாதத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்காக நத்தம் சாலையோரம் நாங்கள் மூவர் அவரோடு உட்கார்ந்த நாட்களைப் பற்றி மலரில் ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது. அது போதாது. வெறுங்காலோடு வரும் முருக பக்தர்களை இரவு முழுவதும் பார்ப்போம். கொப்புளத்தின் தோலை உரிக்காதே, ஓரத்தில் சுத்தமான ஊசியால் குத்தி நீரை மட்டும் எடு, மேல் தோல்தான் நல்ல கட்டு என்பார். அங்கே எடுத்த புகைப்படங்கள் என்னிடமே பத்துக்கு மேல் இருக்கின்றன, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இரண்டாம் பதிப்புக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். படங்களின் கீழே யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறிப்பு இல்லாததும் பெரிய குறை. ஆறு படங்களில் இருப்பவர்களை என்னால் அடையாளம் சொல்ல முடிந்தது. மற்றவற்றுக்கு அந்தந்த இடத்தில் இருந்தவர்கள் எழுதி அனுப்பினால் சரிசெய்துவிடலாம். அவருடைய துணைவியார் எழுதியது ஒரே பக்கம். இன்னும் கொஞ்ச காலம் கழித்து, அவர்கள் மனம் ஒப்பினால், மேலும் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

குறைகள் எத்தனை சொன்னாலும், அவரோடு இருந்த ஒருவர் வீட்டில்கூட இந்த நூல் இல்லாமல் போகக் கூடாது என்று நினைக்கிறேன். படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களும், மருத்துவம் படிக்கிற பிள்ளைகளும் படிக்கலாம். விற்று வரும் பணம் திண்ணை சிக் ரிப்போர்ட்டின் மருந்துச் செலவுக்குப் போகிறது. இப்போது ஓர் இளம் மருத்துவர் மாதம் இரண்டு ஞாயிறுகள் வந்து பார்க்கிறார், பதிவேட்டை நான் எழுதுகிறேன். பிரதிகள் அந்தத் திண்ணையிலேயே கிடைக்கும். வாங்குகிறவர்கள் 112ஆம் பக்கத்துக்குப் பிறகு 113 வருகிறதா என்று அங்கேயே புரட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ளவும்.